எண்ணாலும் எழுத்தாலும்

காசோலையில் தொகையை எண்ணால் ஒரு முறை, எழுத்தால் ஒரு முறை எழுதுகிறோம். இரண்டும் வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே செல்லும் என்கிறது 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், 18-ஆவது பிரிவு. எண்ணில் ஒரு பூஜ்யம் கூடினால் கண்ணுக்குத் தப்பிவிடும். 'ஆயிரம்' என்பது 'பத்தாயிரம்' ஆனால் தப்பாது. மனிதன் கை தவறும் என்று முன்கூட்டியே நினைத்து அச்சடித்த தாள் அது.

அலுவலக மென்பொருளின் திரையும் அப்படி இருக்க வேண்டும் என்று விதிகள் வகுத்தவர்கள் உண்டு. 1994-இல் ஜேக்கப் நீல்சன் வெளியிட்ட பத்து விதிகள் இன்றும் பேசப்படுகின்றன. அவற்றில் இரண்டு எனக்குப் பிடித்தவை. ஒன்று, தவறு நடந்தபின் செய்தி காட்டுவதைவிட, தவறே நடக்காமல் தடுப்பது மேல். மற்றொன்று, கணினிக்காரர்களின் சொல் வேண்டாம்; வேலை செய்பவர் பேசும் சொல்லே திரையில் வரட்டும்.

இந்த இரண்டையும் மறந்தால் என்ன ஆகும்? 2020 ஆகஸ்ட் 11 அன்று அமெரிக்காவில் சிட்டி வங்கி, ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்காகச் சுமார் 78 லட்சம் டாலர் வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. அசல் தொகை வங்கிக்குள்ளேயே ஒரு கணக்கில் நிற்க வேண்டும். அதற்குத் திரையில் 'பிரின்சிபல்', 'ஃப்ரண்ட்', 'ஃபண்ட்' என்ற மூன்று கட்டங்களிலும் குறியிட வேண்டும். 'பிரின்சிபல்' ஒன்றே போதும் என்று நினைத்து அதில் மட்டும் குறியிட்டார்கள். பணம் வங்கிக்கு வெளியே போகப்போகிறது என்று திரை எச்சரித்தது. எவ்வளவு என்று சொல்லவில்லை. வட்டி வெளியே போக வேண்டியதுதானே! ஏறத்தாழ 90 கோடி டாலர் போய்விட்டது. சுமார் 50 கோடியைக் கடன் கொடுத்தவர்கள் திருப்பித் தரவில்லை. வழக்கில் 2021-இல் வங்கி தோற்றது. 2022-இல் மேல்முறையீட்டில்தான் தீர்ப்பு மாறியது.

அந்தப் பரிமாற்றத்தை மூன்று பேர் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பதிய, மற்றவர் சரிபார்த்து பாஸ் செய்யும் முறை நான் வேலை பார்த்த வங்கியிலும் உண்டு. மூவரும் பார்த்தது ஒரே திரை. மூவருக்கும் ஒரே தப்பர்த்தம். ஆறு கண்கள் இருந்தும் பார்வை ஒன்றுதான். இப்படி நடக்கும்போது 'ஊழியரின் கவனக்குறைவு' என்று குறிப்பெழுதிக் கோப்பை மூடிவிடுவது சுலபம். இன்கிரிமென்ட் போவது குமாஸ்தாவுக்கு; திரையை வடிவமைத்தவருக்கு மெமோ போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

இன்று நம் கையிலும் செல்போன் இருக்கிறது. ஆக, நாம் எல்லோருமே குமாஸ்தாக்கள்தான். யுபிஐ-யில் பின் நம்பர் போடுமுன் பெறுபவரின் பெயர் தெரிகிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் நெடுங்காலம் அப்படி இல்லை. கணக்கு எண்ணை மட்டும் பார்த்தே பணம் போய்ச் சேர்ந்தது. பெயரை நாம் தட்டச்சு செய்தது ஒப்புக்குத்தான். 2025 ஏப்ரல் 1-க்குள் பெயரைக் காட்டும் வசதியைத் தர வேண்டும் என்று வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. தாமதமானாலும் நல்ல காரியம்.

எனவே, அடுத்த முறை பணம் அனுப்பும்போது திரையில் வரும் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். தொகையையும் அப்படியே, 'பத்தாயிரம்' என்று எழுத்தால் சொல்லிப் பாருங்கள். பிறகு பட்டனைத் தொடுங்கள்.