சுவர் பக்கத்தில் இருக்கும்போது

மோட்டார் பந்தயம் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் நண்பர்கள் நுவரெலியாவுக்குப் போ என்றார்கள், தியத்தலாவைக்குப் போ என்றார்கள். நான் கொழும்பின் கொம்பனித்தெருவுக்குப் போனேன். பந்தயம் ஓடுகிற இடங்களைப் பற்றிப் பலர் எழுதியிருக்கிறார்கள். ஓடுகிற காரின் சில்லைக் கழற்றிப் பூட்டுகிறவர்களைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட நான் வாசித்ததில்லை.

யூனியன் பிளேஸின் கண்ணாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஓடும் ஒழுங்கை அது. ஒரு கார் உள்ளே வந்தால் எதிரே வரும் முச்சக்கரவண்டி பின்வாங்கித்தான் ஆகவேண்டும். ஒரு பக்கம் வீட்டு வாசற்படிகள், மறு பக்கம் தகரக் கூரை போட்ட கராஜ். தலைக்கு மேல் அல்டேர் கோபுரம் ஒரு பக்கம் சாய்ந்தபடி நிற்கிறது. மலே வீதி, ஜாவா ஒழுங்கை, ரைபிள் வீதி என்ற பெயர்களெல்லாம் வெள்ளைக்காரன் காலத்து ரைபிள் படையில் இருந்த மலாய்ச் சிப்பாய்களின் சுவடுகள். கராஜை நடத்துபவரும் அந்த வழியில் வந்தவர்தான். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. வீட்டில் மலாய், வேலையில் சிங்களம், என்னோடு தமிழ். பெடியன்கள் ‘பாஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். நான் ‘நானா’ என்றேன்.

உள்ளே ஒரு பழைய ஃபோர்ட் லேசர் நான்கு தாங்கிகளின்மேல் நின்றது. பின் ஆசனம் இல்லை, கதவுகளின் உள்தட்டு இல்லை. கூரைக்குக் கீழே இரும்புக் குழாய்க் கூடு பற்றவைத்திருந்தது. இலங்கைப் பந்தயங்களில் லேசருக்கும் மஸ்டாவுக்கும் தனிப் பிரிவே உண்டு. கொழும்பு வீதியில் யாரும் திரும்பிப் பார்க்காத இந்தக் கார், மலையேற்றப் பந்தயத்துக்கு வந்தால் சனம் எழும்பி நின்று பார்க்கும்.

“எஞ்சினைப் பத்தி எல்லாரும் கேப்பாங்க தம்பி. நீங்களும் அதத்தானே கேக்க வந்தீங்க?” என்றார்.

சில்லுப் பூட்டுவதைப் பார்க்க வந்தேன் என்றேன். அவர் முகம் மாறியது. கையைத் துணியில் துடைத்துவிட்டு ஒரு வாங்கை இழுத்துப் போட்டார்.

சில்லுப் பூட்டுவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள் அந்தக் கராஜில் ஒரு மணி நேரம் இருந்து பார்க்கவேண்டும். கோலயாவாக, அதாவது தொழில் பழகுபவனாக, இருந்த பெடியனுக்கு இருபது வயது இருக்கும். முதலில் அவன் கம்பிப் பிரஷ்ஷால் சில்லு அமரும் முகத்தைத் தேய்த்தான். துருவோ பெயின்டோ ஒரு மெல்லிய படையாக அங்கே தங்கியிருந்தால், நட்டை எவ்வளவு இறுக்கினாலும் ஓட்டத்தின் அதிர்வில் அந்தப் படை நசுங்கும். நசுங்கிய அளவுக்கு இறுக்கம் போய்விடும். பிறகு நட்டு ஏறும் ஒவ்வொரு ஸ்டட்டின் புரியையும் துடைத்தான். அதில் எண்ணெய் பூசக்கூடாது. எண்ணெய் பட்ட புரியில் நட்டு இலேசாக ஓடும். அளவுக் கருவி காட்டும் எண் சரியாக இருக்கும், ஆனால் உள்ளே ஸ்டட் அளவுக்கு மேல் இழுபட்டிருக்கும்.

இழுபடுவதுதான் இதில் சூட்சுமம். நட்டு இறுகும்போது ஸ்டட் மயிரிழை நீளுகிறது. அந்த நீட்சி திரும்பச் சுருங்கப் பார்க்கும் விசைதான் சில்லைப் பிடித்து வைத்திருக்கிறது. குறைவாக இறுக்கினால் பிடி இல்லை. கூட இறுக்கினால் ஸ்டட் நிரந்தரமாக நீண்டு, எங்கோ ஒரு வளைவில் முறியும். சாதாரண ஜப்பான் கார்களுக்கு நூறு நியூட்டன் மீற்றர் அளவில் இறுக்கம் போதும். தெருவோர டயர்க் கடைகளில் எயார் கன்னை வைத்து ‘டர்ர்’ என்று விடுவது அதைவிட எவ்வளவோ கூட. அந்தச் சத்தம் கேட்டாலே தனக்குப் பல் கூசும் என்றார் நானா.

அடுத்து அவர் எடுத்துக்காட்டியது இரண்டு நட்டுகள். பார்வைக்கு ஒன்றுபோல. விரலால் தடவினால் ஒன்றின் இருக்கை கூம்பு, மற்றதன் இருக்கை உருண்டை. ஹொண்டாக்காரர்கள் தங்கள் சில்லுகளுக்கு உருண்டை இருக்கை வைக்கிறார்கள். வெளியே வாங்கும் அலோய் சில்லுகள் பெரும்பாலும் கூம்பு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அலோய் வாங்கிப் போட்டுவிட்டுப் பழைய நட்டையே பூட்டினால், நட்டு சில்லைத் தொடுவது ஒரு வளையக் கோட்டில் மட்டும். அன்றைக்கு இறுகினதுபோலவே இருக்கும். நாள் போகப் போகக் கழலும்.

பெடியன் நட்டுகளைக் கையால் ஏற்றி, எதிரும் புதிருமாக மாற்றி மாற்றி மூன்று தவணையில் இறுக்கினான். கடைசியில் டோர்க் ரென்ச் ‘டிக்’ என்றது. ஒவ்வொரு நட்டிலும் ஸ்டட்டிலும் சேர்த்து மஞ்சள் பெயின்டால் ஒரு கோடு போட்டான். கோடு பிரிந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். பயிற்சி ஓட்டம் முடிந்து வண்டி வந்ததும் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தானாம்.

ஒடுங்கிய வீதியில் ஓடும் பந்தயங்களை விறுவிறுப்பாக்குவது ஓட்டுநரின் துணிச்சல் என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. அகன்ற ஓடுதளத்தில் பிழை நடந்தால் புல்லும் சரளை மண்ணும் ஏந்திக்கொள்ளும். கார் திரும்பி வரும். வீதியில் அதற்கு இடமில்லை. பிழைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை அகலம். அதனால் கராஜில் நடந்த வேலையின் தரம் அங்கே ஒளிய முடியாமல் வெளியே வந்துவிடுகிறது.

மொனாக்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். 1929 முதல் நடக்கும் பந்தயம். 3.337 கிலோமீற்றர் வீதியை 78 தடவை சுற்றவேண்டும். கடைத்தெரு, சூதாட்ட மாளிகை, சுரங்கப்பாதை, துறைமுகம். முந்திச் செல்ல இடமே இல்லை என்று சொல்லலாம். 1992 மே 31. அந்த ஆண்டின் முதல் ஐந்து பந்தயங்களையும் வென்றிருந்த நைஜல் மான்செல் வில்லியம்ஸ் காரில் முன்னே போய்க்கொண்டிருந்தார். பின்னால் மக்லாரன் காரில் அயர்ட்டன் சென்னா எட்டிப் பிடிக்க முடியாத தூரத்தில். 71ஆவது சுற்றில் மான்செலின் காரின் பின்பக்கம் ஆட ஆரம்பித்தது. டயர் போய்விட்டது என்று நினைத்து உள்ளே வந்தார். சில்லின் நட்டு தளர்ந்திருந்தது. புதிய டயர்களோடு வெளியே வந்தபோது சென்னா முன்னால் போயிருந்தார். மான்செல் சுற்றுச் சாதனையை உடைத்து ஐந்து விநாடி இடைவெளியைத் தின்று தீர்த்தார். கடைசி மூன்று சுற்றும் இடப்பக்கம் எட்டிப் பார்த்தார், வலப்பக்கம் எட்டிப் பார்த்தார். தேய்ந்த டயரோடு சென்னா வீதியின் நடுவை விடவில்லை. முடிவில் வித்தியாசம் 0.215 விநாடி. மான்செல் மொனாக்கோவை ஒருபோதும் வெல்லவில்லை. அந்தக் கடைசிச் சுற்றுகளை இன்றும் உலகம் திரும்பத் திரும்பப் பார்க்கிறது. அந்தக் காட்சியை உண்டாக்கியது ஒரு நட்டு.

நானாவுக்கு இந்தக் கதை நன்றாகத் தெரியும். வீடியோ நாடா வாடகைக்கு எடுத்துப் பார்த்த காலத்திலேயே பார்த்தவர். “எல்லாரும் சென்னா எப்படி மறிச்சாரு எண்டுதான் பேசுவாங்க. எனக்கு அந்த நட்டை இறுக்கின மனுசன் அண்டு ராவைக்குத் தூங்கியிருப்பானா எண்டுதான் யோசனை.”

2021இல் அதே மொனாக்கோவில் நேரெதிரான ஒன்று நடந்தது. இரண்டாமிடத்தில் ஓடிய வால்ட்டெரி பொட்டாஸ் டயர் மாற்ற வந்தார். எயார் கன் நட்டின் பற்களில் சரியாக அமராமல் சுழன்று அவற்றை அரைத்துவிட்டது. நட்டு கழலவே இல்லை. பந்தயம் அங்கேயே முடிந்தது. மெர்சிடஸ் அணி அந்தக் காரை இங்கிலாந்தில் உள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்த்தான் சில்லைக் கழற்றியது. ஃபோர்முலா 1 கார்களில் சில்லுக்கு ஒரே நட்டுத்தான். இடப்பக்க நட்டுக்கும் வலப்பக்க நட்டுக்கும் புரி எதிரெதிராக ஓடும். ஒவ்வொரு சில்லிலும் மூன்று பேர்: ஒருவர் கன், ஒருவர் பழையதை இழுக்க, ஒருவர் புதியதை ஏற்ற. 2023இல் கட்டாரில் மக்லாரன் அணி நான்கு சில்லையும் 1.80 விநாடியில் மாற்றியது. அந்த வேகத்தில் கன்னைச் சற்றுச் சரிவாகப் பிடித்தாலும் பொட்டாஸுக்கு நடந்தது நடக்கலாம்.

அந்தச் சுவர்களுக்கு நடுவே ஒரு தமிழரும் ஓடியிருக்கிறார். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2012இல் மொனாக்கோவில் 15ஆம் இடத்தில் முடித்தார். அவருடைய ஹெச்.ஆர்.டி அணி களத்திலேயே வசதி குறைந்தவற்றில் ஒன்று. பல கார்கள் மோதியும் பழுதாகியும் நின்ற அன்று, அந்தக் கார் கடைசிக் கோடு வரை வந்தது. பின்வரிசை மெக்கானிக்குகளுக்கு அதுவே பரிசு.

நம் பக்கத்திலும் வீதிப் பந்தயங்கள் நடந்திருக்கின்றன. 2010களின் தொடக்கத்தில் கொழும்பு நகர வீதிகளை மூடி இரவுப் பந்தயம் வைத்தார்கள். சென்னையில் 2023 டிசெம்பரில் நடக்கவிருந்தது மிக்ஜாம் புயலால் தள்ளிப்போய், 2024 ஓகஸ்ட் 31, செப்டெம்பர் 1 நாட்களில் நடந்தது. தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீற்றர், 19 வளைவுகள். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் பாதுகாப்புச் சான்று கிடைத்த பிறகே கார் ஓடலாம் என்று உயர் நீதிமன்றம் சொன்னதால் முதல் நாள் நிகழ்ச்சிகள் மணிக்கணக்காகப் பிந்தின. பலர் எரிச்சல்பட்டார்கள். எனக்கு அந்தத் தாமதம் சரியாகவே பட்டது.

ஏனென்றால் 2024 ஏப்ரல் 21 என் நினைவில் இருக்கிறது. ஐந்து வருட இடைவெளிக்குப் பிறகு தியத்தலாவையில் நடந்த ஃபொக்ஸ் ஹில் பந்தயத்தில் ஒரு கார் ஓடுபாதையை விட்டுச் சனத்துக்குள் பாய்ந்தது. ஏழு பேர் இறந்தார்கள். எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி அதில் இருந்தாள். பந்தய உதவியாளர்களும் இருந்தார்கள். பார்க்க வந்தவர்களில் பலர் புதுவருட விடுமுறைக்கு மலைக்குப் போன குடும்பங்கள். கராஜில் இதைப் பற்றி நான் கேட்கவில்லை. பெடியன்தான் தொடங்கினான். சங்கிலிபோல அடுத்தடுத்து வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள், அதில் கொடி பிடிப்பவரும் ஒருவர், அவரைப் பாதுகாக்கும் சுவரும் வேலைக்காரன் கட்டுவதுதான் என்றான். இருபது வயதில் அவனுக்கு இருந்த தெளிவு, இலவசம் என்று கூட்டம் சேர்த்தவர்களுக்கு இருந்திருக்கவேண்டும்.

மத்தியானம் மலாய்க் கடையிலிருந்து பிட்டும் பாபத்தும் வந்தது. குடல் கறியை நான் அன்றுதான் முதன்முதலாகச் சாப்பிட்டேன். சாப்பிட்டபடி நானா தொழிலின் கணக்கைச் சொன்னார். பந்தயக் கார் வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். கராஜ் ஓடுவது சாதாரண வாகனங்களால். 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2025 பெப்ரவரி வரை தனியார் கார்கள் வரவில்லை. அந்த ஐந்து வருடமும் நாடு ஓடியது பழைய கார்களில். அவற்றை ஓடவைத்தவர்கள் இப்படியான ஒழுங்கைகளில் இருந்த கைகள். புது உதிரிப்பாகம் வராததால் தேய்ந்ததை நிரப்பிக் கடைந்து திரும்பப் பூட்டினார்கள். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்ற கார்களிடையே நடந்துபோய் அங்கேயே பழுது பார்த்ததும் உண்டாம். பொருளாதார நெருக்கடியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தக் கணக்கையும் எழுதவேண்டும் என்று விரும்புகிறேன்.

ஆனால் இடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. 2010 மே மாதம் மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டபோது நானாவின் சொந்தக்காரரும் வெளியேற்றப்பட்டவர்களில் ஒருவர். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கோபுரங்கள் எழுந்தன. மாடி வீட்டில் குடும்பம் இருக்கலாம். மூன்றாம் மாடியில் கராஜ் வைக்க முடியாது. காணிக்குப் பதில் வீடு கொடுத்தவர்கள் தொழிலுக்குப் பதில் எதைக் கொடுத்தார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

பெடியனின் கவலை வேறு. கட்டாரில் வேலை இருக்கிறது என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். கேட்பது என்.வி.கியூ என்ற தொழிற்தகைமைச் சான்றிதழ். ஜேர்மன் டெக் பயிற்சி நிறுவனத்தில் படித்தவர்களிடம் அது இருக்கும். பதினாறு வயதில் பாடசாலையை விட்டு நானாவிடம் வந்த இவனிடம் ஒரு கடதாசிகூட இல்லை. வேலையிலேயே கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தரும் ஏற்பாடு தொழிற்பயிற்சி அதிகாரசபையான நைட்டாவில் இருக்கிறது என்றேன். செய்த வேலைகளின் படங்களும் விவரமும் சேர்த்துக் கொடுக்கவேண்டும். பிறகு செய்து காட்டவேண்டும்.

“செஞ்சு காட்டச் சொன்னா காட்டுவேன் சேர். எழுதத்தான் ஏலாது.”

“எழுதுறது என்ட வேல. நீ என்ன செஞ்ச எண்டு சொல்லு, நான் எழுதுறன்.”

நானா தடுப்பார் என்று நினைத்தேன். நல்ல கோலயாவை இழக்க எந்தப் பாஸுக்கும் மனம் வராது. அவர் தொலைபேசியை எடுத்து லேசரின் படங்களைத் தேடத் தொடங்கினார். சில்லு அமரும் முகத்தின் படம், மஞ்சள் கோடு போட்ட நட்டுகளின் படம், பற்றவைத்த கூட்டின் மூட்டுகள். ஒவ்வொன்றையும் என் எண்ணுக்கு அனுப்பினார். கூட்டைப் பற்றவைத்தது தானில்லை, அந்தப் படத்தைச் சேர்க்கவேண்டாம் என்றான் பெடியன். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு கராஜ் பூட்டியிருக்கும், அப்போது இருந்து எழுதலாம் என்று முடிவாயிற்று.