38 மெகாபிட்டுக்குள்

இரவு பன்னிரண்டரைக்கு முன்னால் மக்ஸில் யாரும் கை வைப்பதில்லை. தேனி மாவட்டத்தில் நான் போயிருந்த கேபிள் கண்ட்ரோல் ரூமில் அது எழுதாத சட்டம். சீரியல்கள் முடிந்து, இரவுப் படமும் ஓடி ஓய்ந்து, வாடிக்கையாளர்களின் போன் அடங்கிய பிறகுதான் பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்டும் பேச்சையே எடுக்கலாம். விடிகாலை ஐந்துக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். ஐந்தரைக்கு சுப்ரபாதம் கேட்பவர்கள் எழுந்துவிடுவார்கள்.

மல்டிபிளெக்ஸரைத்தான் மக்ஸ் என்கிறார்கள். பல சேனல்களின் டிஜிட்டல் ஓட்டங்களை வாங்கி, ஒரே ஓட்டமாக அடுக்கி அனுப்பும் கருவி இது. நம் வீட்டு டிவியில் எண்ணை அழுத்திச் சேனல் மாற்றும்போது, பல நேரம் மாறுவது அலைவரிசை அல்ல. ஒரே அலைவரிசைக்குள் ஓடும் பதினைந்து இருபது சேனல்களில் வேறொன்றை செட்டாப் பாக்ஸ் பொறுக்கி எடுக்கிறது, அவ்வளவுதான். அந்த அடுக்கை அமைப்பவர்களைப் பார்க்கத்தான் சித்திரை வெயிலில் அங்கே போனேன்.

முதலில் மொட்டைமாடிக்கு அழைத்துப் போனார்கள். 66 டிகிரி, 68.5 டிகிரி கிழக்கில் நிற்கும் செயற்கைக்கோள்களுக்கான டிஷ்கள் தென்மேற்காகச் சாய்ந்திருந்தன; 83 டிகிரிக்கானது தென்கிழக்காக. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் எல்லா டிஷ்களும் ஏறக்குறைய உச்சி வானத்தைத்தான் பார்க்கின்றன. அதனால் தகட்டு டிஷ்ஷில் மழைநீர் தேங்கும். அடியில் வடிவதற்கு ஓட்டை உண்டு. வேப்பிலைச் சருகு வந்து அதை அடைத்துவிடும். மழைக்காலத்தில் ஓட்டையைக் குத்திவிடுவதே தனி வேலை. கம்பிவலை டிஷ்ஷில் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஆனி ஆடியில் கணவாய் வழியாக வரும் காற்று அதைக் கொஞ்சம் திருப்பிவிடும். மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள் உச்சிவெயில் நேரத்தை ஒட்டி, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். சூரியனின் ரேடியோ இரைச்சலில் சிக்னல் முங்கிப் போய், சில நிமிடங்கள் படம் இருக்காது. அதற்கு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. தேதியும் நேரமும் குறித்து ஆப்பரேட்டர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள்.

தொழில்நுட்பப் பொறுப்பில் இருப்பவரை அங்கே எல்லாரும் அண்ணே என்றே கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பதை நெருங்கும் வயது. 1990களில் கம்பம் ஏறிக் கேபிள் இழுத்தவர். படித்தது பத்தாம் வகுப்பு. அனலாக் காலத்தில் ஒரு சேனலுக்கு ஒரு மாடுலேட்டர், ஒரு அலைவரிசை. ஒன்று போனால் அது மட்டும்தான் போகும். 2011இல் கேபிள் சட்டம் திருத்தப்பட்டு, 2012இல் பெருநகரங்களில் டிஜிட்டல் கட்டாயமானது. கடைசிக் கட்டமாக 2017 மார்ச் 31 கெடுவோடு சிற்றூர்களுக்கும் வந்தது. அவரைப் போன்றவர்கள் சாலிடரிங் அயர்னைக் கீழே வைத்துவிட்டு, எண்களின் மொழியை முதலிலிருந்து படிக்க வேண்டியிருந்தது. யாரும் வகுப்பெடுக்கவில்லை. பெட்டி விற்க வந்த கம்பெனிப் பையன்கள் இரண்டு நாள் இருந்து காட்டிவிட்டுப் போனதும், ஆங்கிலக் கையேட்டில் படம் பார்த்துப் புரிந்துகொண்டதும்தான் பாடம்.

அந்த மொழியை அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதம் எந்தப் புத்தகத்தையும்விடத் தெளிவு. எந்தச் சேனலாக இருந்தாலும் 188 பைட் கொண்ட துண்டுகளாக வெட்டப்பட்டுத்தான் வரும். துண்டுக்குப் பெயர் பாக்கெட். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரே அடையாள பைட் இருக்கும். துண்டு எங்கே தொடங்குகிறது என்று பாக்ஸ் அதை வைத்துத்தான் பிடிக்கிறது. அடுத்து பிட் (PID) எனப்படும் எண், 0 முதல் 8191 வரை; மெகாபிட்டில் வரும் பிட் வேறு. படத்துக்கு ஒரு பிட், ஒலிக்கு ஒரு பிட். 0 என்ற எண்ணில் இந்த ஓட்டத்தில் என்னென்ன சேனல் இருக்கிறது என்ற அட்டவணை வரும். 8191 என்று வந்தால் உள்ளே ஒன்றுமில்லை, வெற்றுப் பாக்கெட்.

இரண்டு வேறு செயற்கைக்கோளிலிருந்து வரும் இரண்டு சேனல்கள் படத்துக்கு ஒரே பிட் எண்ணை வைத்திருக்கக்கூடும். அப்படியே கலந்தால் இவன் முகமும் அவன் முகமும் ஒன்றாகக் குழம்பிப் போகும். ஆகவே உள்ளே வருவதற்கெல்லாம் புது எண் கொடுத்து, அட்டவணையையும் புதிதாக எழுத வேண்டும். சேனலின் பெயர், வரிசை எண் எல்லாம் அந்த அட்டவணைகளில்தான். 2024 ஜனவரியில் பொதிகை டி.டி. தமிழ் ஆனபோது பெயரை மாற்றியதும் அங்கேதான். அடுக்கும்போது பாக்கெட்டுகள் கொஞ்சம் முன்பின்னாகக் காத்திருக்க நேரும். காத்திருந்த நேரத்தைக் கணக்கிட்டு, ஓட்டத்துக்குள் வரும் கடிகாரக் குறிப்பையும் மக்ஸ் திருத்தி எழுதுகிறது. திருத்தம் தவறினால் பாக்ஸின் கடிகாரம் பிசகும்; படம் சொடுக்கிச் சொடுக்கி நிற்கும்; வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

இதெல்லாம் இயந்திரம் செய்வது. மனிதர் செய்வது என்ன என்பதைத்தான் நான் அன்று இரவு முழுக்கப் பார்த்தேன்.

ஒரு கேபிள் அலைவரிசையில், 64 குவாம் எனும் பண்பேற்ற முறையில், கொள்ளளவு நொடிக்குச் சுமார் 38 மெகாபிட். கணக்குப்படி ஒரு சேனலுக்கு 2 மெகாபிட் என்றால் 19 சேனல் போட்டுவிடலாம். போடவும் செய்கிறார்கள் பல இடங்களில். ஆனால் சேனல் எப்போதும் 2 மெகாபிட்டில் ஓடுவதில்லை. செய்தி வாசிப்பவர் அசையாமல் உட்கார்ந்திருந்தால் ஒன்றரையில் முடிந்துவிடும். கிரிக்கெட்டில் பந்து எல்லைக்கு ஓட, கேமரா பின்னால் ஓட, கூட்டம் எழுந்து ஆட, நாலைத் தாண்டும். இரண்டு மூன்று சேனல்கள் ஒரே நொடியில் எகிறினால் 38 போதாது. மிஞ்சிய பாக்கெட்டுகளை மக்ஸ் கீழே கொட்டும். கொட்டுவது எந்தச் சேனலுடையது என்று பார்த்துக் கொட்டாது.

“பந்தியில இடமில்லாம ஒருத்தர நெருக்கி உக்கார வெச்சா, அவரு மட்டுமா சார் சங்கடப்படுவாரு? வரிசையில யாருக்குமே கை மடக்க எடமிருக்காது” என்றார் அண்ணே.

அதனால் அவர் சேனல்களைக் குணம் பார்த்து அடுக்குகிறார். விளையாட்டுச் சேனல்கள் இரண்டை ஒரே அலைவரிசையில் போட மாட்டார். பக்கத்தில் ஒரு பக்திச் சேனல், ஒரு செய்தி, ஒரு பழைய பாட்டுச் சேனல். விளம்பர நேரம் மோசமானது என்பது அவருடைய அனுபவம். வெட்டி வெட்டி ஓடும் காட்சிகளால் எகிறல் கூடும். ஒரே குழுமத்தின் சேனல்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் விளம்பரத்துக்குப் போவதால் அவற்றையும் பிரித்து வைக்கிறார். எல்லாம் போக ஒவ்வொரு அலைவரிசையிலும் 2 முதல் 3 மெகாபிட் வெற்றாக விடுகிறார். கணினித் திரையில் அந்த வெற்றுப் பாக்கெட்டின் பட்டை ஏறி இறங்குவதைத்தான் அவர் ராத்திரியெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறார், படங்களை அல்ல.

இந்தத் தொழிலின் திறமை முழுவதும் இந்த வெற்றிடத்தை விட்டுவைப்பதில்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. காரணம், அதைக் காலியாக வைத்திருக்க எந்த ஊக்கமும் இல்லை. காலியிடம் காசு தராது. இன்னொரு சேனலைப் போட்டால் காசு வரும். நான் இருந்தபோதே, மாலை ஆறு மணிக்கு ஒரு கூட்டாளி ஆப்பரேட்டரிடமிருந்து போன் வந்தது. சினிமாப் பாட்டுச் சேனல் ஒன்றை ஏற்ற வேண்டுமாம். உள்ளூர் நிகழ்ச்சிகள் போகும் அலைவரிசையில் இடம் இருக்கிறதே என்று கேட்டார். அண்ணே பொறுமையாக மறுத்தார். அந்த இடம் வீரபாண்டித் திருவிழாவுக்கு வைத்தது.

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழா இந்த மாவட்டத்துக்குப் பெரிய திருவிழா. வர முடியாத வயசாளிகள் வீட்டில் உட்கார்ந்து நேரலையில் பார்ப்பார்கள். அங்கே இருப்பவை எல்லாமே படச்சுருக்கத்துக்குப் பகையானவை: தீச்சட்டியின் நெருப்பு, கோயில் கம்பத்துக்கு ஊற்றும் தண்ணீர், மஞ்சள் சேலைக் கூட்டத்தின் ஓயாத அசைவு. சுருக்கும் என்கோடர், முந்திய படத்திலிருந்து எது மாறவில்லையோ அதைத் திரும்ப அனுப்பாமல்தான் இடத்தை மிச்சம் பிடிக்கிறது. நெருப்பிலும் நீரிலும் மாறாதது எதுவுமில்லை. 2 மெகாபிட் கொடுத்தால் அம்மன் பல்லக்கே கட்டம் கட்டமாக உடையும். 4 வேண்டும். வருடம் முழுக்க அந்த 4ஐக் காத்துவைத்து, யார் கேட்டாலும் தராமல், திருவிழாவுக்கு எடுத்துக் கொடுக்கிறார் இந்த மனிதர். பார்ப்பவர்களில் ஒருவருக்கும் இது தெரியாது. தெரிய வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டரை ஆனதும் பழைய மக்ஸை மாற்றும் வேலை தொடங்கியது. புதுப் பெட்டி சன்னமானது, ரேக்கில் ஒரே அடுக்கு உயரம். பின்னால் இரண்டு மின் இணைப்பு. ஒன்று முதல் யு.பி.எஸ்.ஸில், மற்றது இரண்டாவதில். இரண்டையும் ஒரே பலகையில் செருகிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் உண்டாம். அந்தப் பலகை போனால் இரண்டும் போகும். செருகும் முன் எர்த்தையும் நியூட்ரலையும் மீட்டர் வைத்து அளந்தார்கள். இடி மின்னல் அதிகமுள்ள மலையடிவாரம் இது. எர்த் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவதுகூடக் குறிப்பேட்டில் வரிசையாக இருந்தது.

பழைய மக்ஸில் ஒவ்வொரு ரிசீவரிலிருந்தும் தனித்தனியாகத் தடித்த கேபிள் வந்து ஏறும். புதியதில் எல்லாம் ஒரே நெட்வொர்க் கம்பியில் வருகிறது. ஏழேழு பாக்கெட்டாகக் கட்டி, 1316 பைட் மூட்டைகளாக. கம்பிக்காடு குறைந்தது நல்லதுதான். ஆனால் இடையில் இருக்கும் ஸ்விட்சுக்கு யாருக்கு எந்த ஓட்டம் வேண்டும் என்று சொல்லி வைக்காவிட்டால், எல்லா ஓட்டத்தையும் எல்லா வாசலிலும் கொட்டி மொத்தத்தையும் திணறடித்துவிடும். அந்தப் பொறுப்பை எடுத்திருந்தவள் டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்திருந்த ஒரு பெண். “பாப்பா, மூணாவது போர்ட்ட ஒருக்கா பாத்துரு” என்பார் அண்ணே. “பாத்துட்டேண்ணே, சுத்தமா இருக்கு” என்று தலை நிமிராமல் பதில் வரும். மறுபடி ஒரு முறை பார்க்கவும் செய்வாள்.

மாற்றும் கணம் சின்னதுதான். வெளியேறும் ஓட்டத்தைப் பழையதிலிருந்து எடுத்துப் புதியதன் வாயில் வைத்தார்கள். மேசை மேலிருந்த டிவிகள் கறுத்தன, வந்தன. ஆனால் வந்துவிட்டது என்று யாரும் கை தட்டவில்லை. உண்மையான சோதனை பிறகுதான். ஊரில் ஓடும் ஒவ்வொரு வகை செட்டாப் பாக்ஸிலும் ஒன்று அந்த மேசையில் இருக்கிறது, பத்து வருடப் பழையது உட்பட. புது அட்டவணைக்குப் பதிப்பு எண்ணை ஒன்று கூட்டி அனுப்பினால்தான் பாக்ஸ்கள் மாற்றத்தை உணரும். புதியவை உடனே பிடித்துக்கொண்டன. பழைய வகை ஒன்று மட்டும் சேனல் வரிசை எண்களைத் தூக்கி எறிந்துவிட்டு ஒன்று, இரண்டு என்று தானே எண்ணிக்கொண்டது. அந்த வகை எண்ணற்ற வீடுகளில் இருக்கிறது. கண் மங்கிய பாட்டிகள் எண்ணை மனப்பாடமாக அழுத்துபவர்கள். வரிசை எண் அட்டவணையை அந்தப் பாக்ஸுக்குப் புரியும் முறையில் திருத்தி அனுப்ப மேலும் ஒரு மணி நேரம் போனது. மூன்றரைக்கு அது சரியான பின்தான் தேநீர் வந்தது.

இவர்களுடைய சம்பளத்தைக் கேட்டால் மனம் கனக்கும். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், பண்டிகை என்றால் விடுப்பே கிடையாது. கைபேசியிலும் இலவச டிஷ்ஷிலும் பார்ப்பவர்கள் கூடக் கூட கேபிள் இணைப்புகள் குறைந்து வருகின்றன. அந்த இழப்பு முதலில் இறங்குவது இவர்கள் தலையில்தான். இத்தனை நுட்பம் தெரிந்தவருக்கு அதற்கான ஒரு சான்றிதழ் இல்லை. ஐ.டி.ஐ.க்களில் இதை ஒரு பாடமாக வைக்கலாம். அண்ணே போன்றவர்களையே கற்றுக்கொடுக்க அழைக்கலாம். பிட் எண்களும் எந்தச் சேனல் எதோடு ஒத்துப்போகும் என்பதும் அவருடைய நீள நோட்டில் பென்சிலில் இருக்கின்றன. அந்தப் பெண் அதைக் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறாள். தனக்குப் புரியாத இடங்களில் சிவப்பு நிறம் வைத்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் அவரிடம் கேட்கிறாள்.

ஐந்தே முக்காலுக்கு முதல் போன். போடிப் பக்கத்து லைன்மேன். படம் உடைகிறதாம், இரவு வேலை செய்ததால்தானே என்று கேட்டார். அண்ணே திரையைப் பார்த்தார். வெற்றுப் பட்டை தன் இடத்தில் இருந்தது, பிழை எண்ணிக்கை சுழியம். “இங்கிட்டு சுத்தமா இருக்குப்பா. நோடுல மீட்டர வெச்சுப் பாரு. கனெக்டர்ல தண்ணி எறங்கியிருக்கும், வெட்டிப் புதுசா போட்டுட்டுக் கூப்புடு” என்றார். பிறகு உள்ளூர் நேரலைக் குழுவின் எண்ணைப் போட்டார். திருவிழா தொடங்கும் வரை காத்திருக்க வேண்டாம், என்கோடரை இந்த வாரமே கொண்டு வந்து 4 மெகாபிட்டில் ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று சொல்லி, நாளும் குறித்துக்கொண்டார்.