மலையிறங்கு சைக்கிளும் உடற்பாரமுடையாரும்

சைக்கிள் வாங்கப் புகுவார் அதன் நிறத்தை நோக்குவர், விலையை வினவுவர், செய்தார் பெயரைக் கேட்பர். டயரைத் தாங்கி நிற்கும் ரிம்மைக் குனிந்து நோக்குவார் மிகச் சிலரே. செம்மையான சாலையிற் செல்வார்க்கு அதனால் வருங் குறையும் பெரிதன்று. ஆனால், மலையுச்சியினின்று கல்லும் மரவேரும் செறிந்த சரிவின் வழியே சைக்கிளில் விரைந்திறங்கும் விளையாட்டொன்று மேனாடுகளிற் பெருவழக்காக உள்ளது. அதில் ஈடுபடுவார் உடற்பாரம் மிக்கவராயின், ரிம்மைத் தேர்தலே அவர்க்கு முதற்கடன் என்பது என் துணிபு.

தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணவன் ஒருவன் இதனை எழுதப் புகுந்தது என்னை எனின், காரணம் எம் வீட்டிலேயே உள்ளது. என் தந்தையார் முப்பது ஆண்டுகளாகச் சைக்கிள் பழுதுபார்க்குங் கடை நடத்தி வருபவர். விடுமுறைதோறும் அக்கடையிற் சக்கரத்திற்குக் கோட்டம் எடுத்துப் பழகியவன் யான். என் தமையனார் ஸ்காட்லாந்து நாட்டில் போர்ட் வில்லியம் என்னும் ஊரில் செவிலியராகப் பணிபுரிகின்றார். அவர் எடை 104 கிலோ. சென்ற கோடையில் மூன்று திங்களுக்குள் அவர் சைக்கிளின் பின்சக்கர ரிம் இரண்டு கெட்டொழிந்தன.

சொற்களைப் பற்றி ஈண்டு ஒன்று கூறிவிடல் வேண்டும். தேர்ச்சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தைக் குறடு என்றும், அதிற் செருகப்படுங் கால்களை ஆர் என்றும், புறத்தே சூழ்ந்த வளையத்தைச் சூட்டு என்றும் வட்டை என்றும் நம் முன்னோர் வழங்கினர். இவ்வழகிய பெயர்களை யான் கடையில் ஒருநாள் எடுத்தோதியபோது, தந்தையார் கையிலிருந்த கம்பிச் சாவியைக் கீழே வையாமலே, "தம்பி, வட்டை மாட்டுவண்டிக்கு இருக்கட்டும், நம்மிடம் வருகிறவர் ரிம் என்றுதான் கேட்பார்" என்றார். ஆதலின் இக்கட்டுரையிலும் கடைத்தெருச் சொல்லே ஆளப்படும்.

போர்ட் வில்லியம் ஊரை அடுத்து ஆனாக் மோர் என்னும் மலை உளது. அதன் சரிவில் 2002-ஆம் ஆண்டு முதலாக உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடைபெற்றுள்ளன. 2007-இல் உலக வாகைப் போட்டியும் நிகழ்ந்தது. கம்பிவட ஊர்தியிற் சைக்கிளோடு மேலேறிச் சென்று, ஐந்நூறு மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை மூன்று கிலோமீட்டருக்கும் குறைந்த பாதையில் இறங்கிவிடுகின்றனர். வல்லார்க்கு அஃது ஐந்து நிமிடத்திற்கும் உட்பட்ட வேலை. பாதை முழுதுங் கருங்கல். இவ்விளையாட்டிற்கு வித்திட்டவருள், கலிபோர்னியா மாநிலத்தில் பேர்பாக்ஸ் என்னும் சிற்றூரருகே 1976-ஆம் ஆண்டில் பழைய சைக்கிள்களைக் கொண்டு மலையிறங்கிய இளைஞர் சிலர் குறிப்பிடத்தக்கார். ஒருமுறை இறங்கியதும் பின்சக்கரப் பிரேக்கிலிருந்த கிரீஸ் முழுதும் வெந்து ஆவியாகிவிடுமாம். மீண்டும் அடைத்தாலன்றி அடுத்தமுறை இறங்கலாகாது. அதனாலே அப்பாதைக்கு 'மீண்டும் அடைத்தல்' என்று பொருள்படும் 'ரீபேக்' என்னும் பெயர் வந்தது. அவர்கள் சைக்கிளில் இருந்தவை எஃகு ரிம்கள். இன்று எஃகு வழக்கொழிந்தது. அலுமினியக் கலவையும் கார்பன் இழையுமே அவ்விடத்தைப் பெற்றுள்ளன.

தமையனார் கொண்ட முதல் ரிம்மின் விளிம்பு கல்லில் மோதி உள்ளே மடிந்தது. இரண்டாவதோ, கம்பித் துளைகளைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புக்கள் கண்டது. அவற்றை விற்ற கடையார் கூறிய மறுமொழி, "முதலில் உடம்பைக் குறையுங்கள்" என்பதே. அக்கடையின் பெயர் ஈண்டு வேண்டா. அண்ணன் இதனைத் தொலைபேசியிற் சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் சிரிப்பு நெடுநேரம் நில்லவில்லை. பள்ளிக்கூடத்திற் படித்த காலத்தும் ஓட்டப்பந்தயம், கபடி என எதிலும் அவரைச் சேர்க்காது, வடம் இழுக்கும்போது மட்டும் கடைசியில் நிறுத்திக் கட்டிய ஊர் எம்முடையது. தம் எடை ஒருபொருட்டாகாத மகிழ்ச்சியை அவர் முதன்முதற் கண்டது அம்மலைச் சரிவிலேதான். அம்மாவோ, "அந்தச் சைக்கிளை விற்றுவிடு ஐயா, கழுத்து முறிந்தால் கேட்க யார் இருக்கிறார்?" என்று அழத் தொடங்கினார். தந்தையார் ஒன்றும் பேசிலர். மறுநாள் காலையில், "உடைந்த ரிம்மைப் படம் எடுத்து அனுப்பச் சொல்" என்று மட்டும் என்னிடம் கூறினார்.

படங்களை நோக்கியபின் யாங்கள் முதலிற் செய்தது கணக்கு. அண்ணன் 104 கிலோ. சைக்கிள் 18 கிலோ. தலைக்கவசம், முழங்காற் காப்பு முதலியன 4 கிலோ. ஆக 126 கிலோ. அவரோடு இறங்கும் நண்பர் ஒருவர்க்கு இம்மூன்றுஞ் சேர்ந்து 89 கிலோவே. ஒரு மீட்டர் உயரமுள்ள பாறையினின்று இருவருங் குதிப்பின், அண்ணனுடைய சைக்கிள் தாங்கவேண்டிய ஆற்றல் ஏறத்தாழ 1,235 ஜூல். நண்பருடையது 872 ஜூல். ஐந்தில் இரண்டு பங்கு மிகை. ஆயினும் இருவரும் ஒரே வகை ரிம்மையே பூட்டியிருந்தனர். டயரிற் காற்றும் ஒரே அளவாகவே, 22 பவுண்டு, வைத்திருந்தனர். நண்பர்க்குப் போதுமான காற்று அண்ணனுக்கு எங்ஙனம் போதும்? டயர் முற்றும் நசுங்கி, கல் நேரே ரிம்மின் விளிம்பைத் தாக்கியது. முதல் ரிம் மடிந்த காரணம் இதுவே.

இரண்டாவது ரிம்மின் வெடிப்புக்குக் காரணம் வேறு. அதனை அறியச் சக்கரம் பாரந் தாங்குமாறு உணர்தல் வேண்டும். மேற்பாதிக் கம்பிகளில் வண்டி தொங்குகின்றது என்றே பலருங் கருதுவர். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்பார் 1981-ஆம் ஆண்டு வெளியிட்ட சைக்கிள் சக்கரம் பற்றிய தம் நூலில் உண்மை இன்னதென விளக்கினார். கம்பிகள் அனைத்தும் முன்னரே இறுக்கி இழுக்கப்பட்டுள்ளன. பாரம் ஏறுங்கால் தரையை அடுத்த சில கம்பிகள் தம் இழுப்பிற் சிறிது தளர்கின்றன. ஏனையவை பெரும்பாலும் மாறுவதில்லை. முன்னிட்ட அவ்விழுப்பே பாரத்தைத் தாங்கும் முதல். முதல் குறைவாயின், பெரும் பாரம் விழுந்த கணத்திற் கீழ்க்கம்பிகள் முற்றுந் தளர்ந்துவிடும். அந்நிலையிற் பக்கவாட்டில் ஓர் இடி நேரின், ரிம் எட்டுப் போல முறுக்கிக்கொள்ளும். இழுப்பு மிகையாயினோ, துளைகளைச் சூழ்ந்த அலுமினியம் அயர்ந்து வெடிக்கும். பின்சக்கரத்தில் சங்கிலிப் பக்கத்துக் கம்பி ஒவ்வொன்றையும் நூறு முதல் நூற்றிருபது கிலோ விசையளவில் இழுத்துக் கட்டுதல் பெருவழக்கு. அண்ணனது சக்கரத்தில் 28 கம்பிகளே இருந்தன. பாரத்தைப் பகிர ஆள் குறைந்தது. குறையை ஈடுசெய்யக் கட்டினவர் அளவுக்கு மேல் இறுக்கியிருந்தார் போலும்.

இங்கே தந்தையார் கடைச்சுவரில் தொங்கிய பழைய ரிம் இரண்டைச் சுட்டினார். நம்மூர்ப் பழைய கறுப்புச் சைக்கிளை நண்பர் யாவரும் அறிவர். பால்குடமும் அரிசி மூட்டையும் வாழைத்தாரும் சுமந்து திரிவது அது. அதன் முன்சக்கரத்தில் 32 கம்பி, பின்சக்கரத்தில் 40. பாரம் பின்னே விழும் என்பதை அறிந்து, பின்சக்கரத்திற்கு எட்டுக் கம்பி மிகுத்து வைத்தான் அதனை வகுத்தவன். மலையிறங்கு சைக்கிளிலும் மிதிமேல் எழுந்து நிற்பவன் முதுகைப் பின்வாங்கியே இறங்குகின்றான். பாறையைக் கடக்கையில் முன்சக்கரத்தைத் தூக்கிவிடக் கை உண்டு, பின்சக்கரமோ விதிவழியே மோதுகின்றது. எனினும் அங்கே இரண்டு சக்கரத்திற்கும் ஒரே ரிம்மைப் பூட்டி விற்பாரே பலர். பின்னுக்குத் தடித்தது, முன்னுக்குச் சற்று மெலிந்தது என வேறுபடுத்தி வாங்கல் உடற்பாரமுடையார்க்கு மிகவும் ஏற்புடைத்து.

அலுமினியமோ கார்பனோ என்னும் வினாவில் எம் வீட்டில் இரண்டு நாள் வழக்கு நிகழ்ந்தது. கார்பன் ரிம் இலகுவானது, விறைப்பானது, சிறிய இடிகளுக்கு நெளியாது, பல நிறுவனத்தார் உடைந்தால் மாற்றித் தருவதாக உறுதியுங் கூறுகின்றனர். ஆயினும் அதன் விலை அலுமினியத்தினும் பன்மடங்கு. அண்ணன் திங்கள்தோறும் தங்கையின் கல்விக்குப் பணம் அனுப்புபவர். அன்றியும், அலுமினியம் மடிந்தால் இடுக்கியால் ஒருவாறு நிமிர்த்தி அன்று மாலைவரை ஓட்டலாம். கார்பன் தன் எல்லை கடப்பின் பிளந்துபோம். "மாற்றித் தருவார்கள் அப்பா" என்றார் அண்ணன். "ரிம்மை மாற்றித் தருவார்கள், சரி" என்றார் தந்தையார்.

அமெரிக்க வீரர் ஏரன் குவின் என்பார் 2014-இல் ஆஸ்திரியாவின் லியோகாங் பந்தயத்தில் தொடக்கத்திலேயே டயர் காற்றிழந்தும், டயர் கழன்றும், வெற்று ரிம்மிலேயே மலையடிவரை வந்து சேர்ந்த காட்சியை அண்ணன் எனக்குக் காட்டினார். வியப்புக்குரியதே. ஆனால் ஒருநாள் ஒருமுறை அடிவாரம் சேர்தல் வேறு. கோடை முழுதும் ஞாயிறுதோறும் பத்துமுறை இறங்குதல் வேறு. பந்தய வீரர்க்குப் புதிய சக்கரம் தர ஆள் உளர். அவர் பூட்டியது எது என்று கேட்டு வாங்குவதிற் பயனில்லை என்பதே என் கருத்து.

இனித் தெரிவு. சுவிட்சர்லாந்து நிறுவனமாகிய டீ.டீ. சுவிஸ் செய்யும் அலுமினிய ரிம்களுள், இ.எக்ஸ். 471 என்பதன் உள்ளகலம் 25 மில்லிமீட்டர்; இ.எக்ஸ். 511 என்பதற்கு 30 மில்லிமீட்டர், எப்.ஆர். 541 என்பதும் 30 மில்லிமீட்டரே, ஆயின் எடையும் தடிப்பும் மிக்கது. உள்ளகலம் பெரிதாயின் வலிமையும் பெரிது என எண்ணுவார் உளர், அது பிழை. உள்ளகலம் டயரின் அகலத்திற்கு ஏற்றதாதல் வேண்டும் என்பதே விதி; 2.4 அல்லது 2.5 அங்குல டயர்க்கு 30 மில்லிமீட்டர் நன்கு பொருந்தும். வலிமை சுவரின் தடிப்பிலும் விளிம்பின் மழுக்கத்திலும் உள்ளது. மெல்லிய கூரிய விளிம்பு, தானும் எளிதில் மடியும், டயரையும் வெட்டும். கம்பித் தலையின் கீழ் வாஷர் இட்டுக் கட்டும் வகையாயின் துளையருகே சுமை பரவும். செய்தார் குறிக்கும் உச்சச் சுமை ஓட்டுநர் எடை மட்டுமன்று, சைக்கிளும் உடைமையும் சேர்ந்தது என்பதை நினைவிற் கொள்க. ஒன்று முதல் ஐந்து வரை இட்ட பயன்பாட்டு வகுப்பு எண்ணையும் காண்க. மலையிறங்குதற்கு உரியது ஐந்தே. மூன்று, நான்கு எனக் குறித்தவை எத்துணை மலிவாயினும் விலக்கத்தக்கன.

அண்ணனது சைக்கிள் முன்னே 29 அங்குலமும் பின்னே 27.5 அங்குலமுமாகிய சக்கரங்களை உடையது; பந்தயங்களில் இக்கலப்பு 2019 முதல் இசைவு பெற்றது. டயர் அமரும் இடத்து விட்டம் முன்னதற்கு 622 மில்லிமீட்டர், பின்னதற்கு 584. ஒரே வகை ரிம்மாயின் சிறிய வளையமே உறுதி மிக்கது, கம்பியும் குறுகியது. பாரமுடையார்க்கு இஃது ஒரு நற்பேறு. ஆகவே முன்னுக்கு இ.எக்ஸ். 511, பின்னுக்கு எப்.ஆர். 541, இரண்டிலும் 32 கம்பி எனத் தந்தையார் முடிவு கூறினார். இரட்டை மடிப்புள்ள தடித்த டயரும், பின் டயரினுள் ஒரு நுரை வளையமும் சேர்த்து, காற்றை 30 பவுண்டாக்கச் சொன்னார். இவற்றால் எடை கூடுமே எனின், கூடட்டும்; மேலே ஏற்றிச்செல்வது கம்பிவட ஊர்தி.

சக்கரத்தைக் கட்டுவித்தல் எஞ்சியது. அங்குள்ள கூலி மிகுதி. கட்டியவர் கையை நம்புதற்கும் அண்ணனுக்கு மனமில்லை. ரிம்மும் கம்பியும் வாங்கித் தம் அறையிலேயே கோத்தார். சிறுவயதிற் பழகிய கை முற்றும் மறந்திலது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே நண்பகல், இங்கே மாலை, தொலைபேசியைச் சக்கரத்தருகே வைத்துக் கம்பிகளை ஒவ்வொன்றாக விரலால் மீட்டினார். தந்தையார் கடையின் கதவைச் சாத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சங்கிலிப் பக்கத்துக் கம்பிகள் உயர்ந்த ஒலியும், மறுபக்கத்தன சற்றுத் தாழ்ந்த ஒலியும் எழுப்பின. பின்சக்கரத்தில் அவ்வாறு இருத்தலே முறை. ஒரு பக்கத்தனவெல்லாம் தம்முள் ஒத்திருத்தல் வேண்டும். முதற்சுற்றில் ஆறு கம்பிகள் ஒவ்வாதன. இரண்டாஞ் சுற்றில் இரண்டு. "வால்வுத் துளையிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது, கால் திருகு, அதற்கு மேல் வேண்டாம்" என்றார் தந்தையார். அண்ணன் திருகி மீண்டும் மீட்டினார். அடுக்களையிலிருந்து வந்த அம்மா வாயிற்படியில் நின்று, "சரியாகிவிட்டதா?" என்று என்னைக் கேட்டார். "இன்னும் ஒன்று இருக்கிறது அம்மா" என்றேன்.