வளையல் வைத்த தலைப்பாகை

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்குள் தலையை மூடாமல் யாரும் போக முடியாது. ஆணோ பெண்ணோ, சீக்கியரோ வெளியூர்க்காரரோ, எல்லோருக்கும் அதே விதிதான். துணி கொண்டுவராதவர்களுக்காக வாசலிலேயே காவி நிறத் துணிகள் வைத்திருக்கிறார்கள். ஐந்து வயது மகளோடு போன எனக்கு இந்த விதி பெரிய துணை. பழகாத உடையைப் பார்த்தால், "அவங்க ஏன் அப்படிக் கட்டியிருக்காங்க?" என்றுதான் குழந்தை கேட்கும். இங்கே அவள் தலையிலும் துணி ஏறிவிட்டது. "நாம ஏன் கட்டணும்?" என்றாள். "உள்ளே இவங்களோட புனித நூல் இருக்கு. அதுக்கு மரியாதை" என்றேன். முடிச்சை இன்னும் இறுக்கிக் கட்டச் சொன்னாள்.

செருப்பை விட்டு, வாசலில் தேங்கியிருக்கும் நீரில் கால் நனைத்துப் படியிறங்கினால் குளம். சுற்றிவரும் பளிங்குப் பாதையில், சீக்கியரின் உயர் பீடமான அகால் தக்த் பக்கம் வந்தபோது ஒரு நிஹங்கைப் பார்த்தோம். நிஹங்குகள் சீக்கியப் போர்வீரர் மரபினர். முழங்காலைத் தாண்டிய கருநீல அங்கி, இடுப்பில் வாள், நெஞ்சுவரை வெண்தாடி. உயரமான நீலத் தலைப்பாகையைச் சுற்றி இரும்பு வளையங்கள்.

"அம்மா, அந்தத் தாத்தா ஏன் தலையில வளையல் போட்டிருக்காரு?"

உரக்கவே கேட்டுவிட்டாள். இப்படிக் கேட்கும் பிள்ளையை "கை நீட்டாதே, சும்மா வா" என்று இழுத்துக்கொண்டு போவது நம் வழக்கம். அந்த இழுப்பிலேயே, அவர் ஏதோ பயப்பட வேண்டிய ஆள் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும். கேள்வி யாரைப் பற்றியதோ அவரிடமே கேட்பதுதான் நல்லது என்பது என் உறுதியான எண்ணம். கைகூப்பி, எனக்குத் தெரிந்த இந்தியில் அவள் கேட்டதைச் சொன்னேன். பெரியவர் சிரித்தபடி குனிந்து மணிக்கட்டை நீட்டினார். அதிலிருந்த இரும்புக் காப்பை மகள் விரலால் சுற்றிச் சுற்றித் தடவினாள். "கடா" என்றார். பிறகு தலையைத் தொட்டு, "சக்கர்" என்றார். அந்தக் காலப் போரில் விளிம்பைத் தீட்டி எதிரியை நோக்கி வீசிய வளையம் அது.

வாளைப் பார்த்த பயம் மட்டும் அவளுக்குப் போகவில்லை. என் காதருகே வந்து, "கருப்பசாமியா?" என்றாள். எங்கள் குலதெய்வம் மீசையும் அரிவாளுமாக ஊர் எல்லையில் நிற்பவர். ஆயுதம் காவலுக்கும்தான் என்று அவளாகவே ஒரு வழி கண்டுவிட்டாள். ஆனாலும் அதோடு விட எனக்கு மனம் வரவில்லை. "சாமி இல்லடா, நம்மள மாதிரி மனுஷர்தான். இவரும் பசிச்சா சாப்பிடுவாரு, தூக்கம் வந்தா தூங்குவாரு" என்றேன்.

எவ்வளவு வரலாறு சொல்வது? 1699 வைசாகி நாளில் ஆனந்த்பூரில் குரு கோவிந்த் சிங், தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை நிறுவினார். அன்று அவர் கேட்டதும் தலையைக் கொடுக்க முன்வந்த முதல் ஐவரில் பீதரிலிருந்து வந்த ஒரு நாவிதரும், பூரியிலிருந்து வந்த தண்ணீர் சுமப்பவரும் உண்டு என்கிறது சீக்கிய மரபு. எனக்கு நெஞ்சை அடைக்கும் செய்தி அது. மகளுக்கு, "முன்னாடி பெரிய மனுஷங்கதான் தலைப்பாகை கட்டுவாங்க. குரு ஒருத்தர் வந்து எல்லாரையும் கட்டச் சொன்னாரு" என்பதே போதுமாக இருந்தது. கால்சாவினர் தாங்கும் ஐந்து அடையாளங்களில் அவளைக் கவர்ந்தது கங்கா என்னும் சின்ன மரச்சீப்பு. வெட்டாத முடியைச் சீவி, கொண்டை போட்டு, சீப்பையும் அதிலேயே செருகி, மேலேதான் தலைப்பாகை. "உள்ள சீப்பு இருக்கா?" என்று அதன்பின் ஒவ்வொரு தலையாகப் பார்த்து வந்தாள். லங்கர் என்னும் பொது உணவுக்கூடத்தில் பருப்பு ஊற்றிய பெண்ணும் தலைப்பாகை கட்டியிருந்தார். பெண்களும் கட்டுவார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் காலை சத்திரத்து முற்றத்தில் ஒரு தந்தை தலைப்பாகைக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தார். ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். எதிர்முனையைப் பிடித்திருந்தவன் என் மகள் வயதுப் பையன்; அவன் தலையில் சிறுவர்கள் கட்டும் பட்கா. இரண்டு பேரும் ஆளுக்கொரு முனையை இழுத்து, சுருக்கம் போக உதறி, நீளவாக்கில் மடிக்க வேண்டும். மகள் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கண்டவர், ஒரு மூலையை அவள் கையில் கொடுத்தார். பையன் அவள் நெற்றியைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டான். திருநீறு எதற்கு என்று கேட்கிறானாம். "பாட்டி வெச்சுவிடுவாங்க. வெச்சா சாமி கூடவே வரும்" என்றாள் மகள். நான் இந்தியில் சொன்னேன். பையன் அவள் நெற்றியை இன்னொரு முறை கிட்டே வந்து பார்த்தான்.

"கஸ் கே, பேட்டா" என்றார் தந்தை. இறுக்கமாகப் பிடிக்கச் சொல்கிறார் என்றேன். இருவரும் ஓரடி பின்னால் போய் இழுத்தார்கள்.