உப்பளமும் கணினிக் குழாயும்

நிலாவெளிப் பகுதியின் உப்பளங்களை நோக்குவோர்க்கு வெண்ணிறக் குவியல்களே முதலிற் புலப்படும். அவற்றுக்கு ஆதாரமான நீர்த்தேக்கத்தைக் கவனிப்போர் சிலரே. கடல்நீர் நேரே உப்பு விளையும் பாத்திக்கு விடப்படுவதில்லை. தேக்கத்தில் நின்று, வெயிலிற் செறிந்து, பின்னரே படிப்படியாகப் பாத்தியை அடைகின்றது. கடல் தரும் வேகம் வேறு. வெயில் கொள்ளும் வேகம் வேறு. இரண்டையும் இணக்குவது இடையில் நிற்கும் தேக்கமே.

அதே நிலாவெளியின் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் அமைந்துள்ளது. அங்குக் கணினி பயிலும் மாணவர்க்கு இவ்வுண்மை வேறொரு பெயரில் அறிமுகமாகின்றது. நிரல்களைத் தோட்டத்து நீர்க்குழாய்களைப் போல ஒன்றோடொன்று பொருத்தல் வேண்டும் என டக்ளஸ் மக்கில்ரோய் 1964 இல் எழுதினார். 1973 இல் கென் தொம்சன் அதனை யுனிக்ஸ் அமைப்பில் நிறைவேற்றினார். ஒரு நிரல் குழாயில் ஊற்ற, மற்றொன்று மறுமுனையில் ஏந்திக்கொள்ளும். குழாயினுள் ‘பஃபர்’ எனப்படும் இடைத்தேக்கம் உண்டு. அது நிரம்பினால் ஊற்றுவது உறங்கும். வற்றினால் ஏந்துவது உறங்கும். உறங்கியதை எழுப்பும் ஒவ்வொரு முறையும் கணினிக்குச் சிறிது காலம் வீணாகின்றது.

லினக்ஸில் இத்தேக்கத்தின் அளவு முன்னர் 4 கிலோபைற்று. 2005 முதல் 64 கிலோபைற்று. அதனை வேண்டியவாறு மாற்றும் வசதி 2010 இல் வந்தது. சாதாரணப் பயனர்க்கு வழக்கமான உச்சவரம்பு 1 மெகாபைற்று.

இச்சிறு எண்ணுக்கு இத்துணை முக்கியத்துவம் ஏன் என வினவலாம். 2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய நாளொன்றில், உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் ஒரு கல்விக்கூடத்தின் கணினி அறைக்குப் பொறுப்பாக நிற்கின்றான் எனக் கொள்வோம். ஒரே கணினிக்குள் நான்கு மெய்நிகர் இயந்திரங்கள் இயங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் 16 கிகாபைற்று நினைவகம். அவற்றினுள் சக மாணவரின் ஆய்வேடுகளும் தரவுகளும் உள. மின்கலம் ஐந்து நிமிடமே தாங்கும். அதற்குள் 64 கிகாபைற்றும் நினைவகத்திலிருந்து குழாய் வழியாக வட்டினை அடைதல் வேண்டும். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 218 மெகாபைற்று. தேக்கம் 64 கிலோபைற்றாயின் அது பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் நிரம்பி வற்றுதல் வேண்டும். 1 மெகாபைற்றாயின் 65,536 தடவைகள் போதும்.

எனினும் தேக்கத்தைப் பெருக்குவதே தீர்வு எனக் கருதுதல் தவறாகும். வட்டே மந்தமானதாயின் எவ்வளவு அகன்ற குழாயும் அதனை விரைவுபடுத்தாது; வெயில் குன்றிய நாளில் தேக்கம் பெரிதாயிருந்தும் உப்பு விளைவதில்லை. குழாயின் தேக்கம் கணினியின் கருநிரலுக்குரிய நினைவகத்தை உண்பதாதலால், லினக்ஸ் அதற்கு எல்லை வகுத்துள்ளது. மேலும், குழாயில் இருப்பது வட்டினை அடைந்தது ஆகாது. மின் நின்றால் அது அழிந்துபோகும். தேக்கம் பெரிதாகப் பெரிதாகப் பொறுப்பும் பெரிதாகும் என்பதை, 1986 ஏப்ரல் 20 அன்று உடைப்பெடுத்துப் பல உயிர்களைக் கொண்ட கந்தளாய்க் குளம் இம்மாவட்டத்துக்கு உணர்த்தியது.

ஆகவே அளவை மாற்றுவதும், மாற்றியபின் நேரத்தை அளப்பதும், பயனில்லையெனின் பழைய அளவுக்கே மீள்வதும் அவ்விளைஞனின் கடமையாகின்றன. இவற்றை மின்வெட்டு வருமுன்னரே அவன் செய்து முடித்தல் வேண்டும். 2022 இல், புதிய கணினி வாங்க அந்நியச் செலாவணி இல்லாதிருந்த நாட்டில், இருக்கும் கணினியை அறிந்து ஆள்வதே கைவசமிருந்த செல்வம். ஓர் எண்ணை மாற்றுவதற்குச் செலவேதும் இல்லை. எந்த எண்ணை, ஏன் மாற்ற வேண்டும் என்று அறிவதற்கே கல்வி தேவைப்படுகின்றது.