உள்ளங்கை அளவு வெளிச்சம்

எங்கள் வீட்டு ஆல்பத்தில் அப்பா இரண்டு நிறங்களில் இருக்கிறார். ஸ்டுடியோவில் எடுத்த படங்களில் முகத்தில் மாவு பூசினது மாதிரி இருப்பார். கல்யாணம், காதுகுத்து என்று சொந்தக்காரர்கள் எடுத்த படங்களில் வெள்ளைச் சட்டை மட்டும் பளிச்சென்று தெரியும், முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு நிழல் இருக்கும். இரண்டுமே அப்பா இல்லை. கேமராவை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். "என்ன வுட்டுடா, கறுப்பாத்தான் வுழும்" என்பார்.

போட்டோகிராபியை நான் யாரிடமும் போய்க் கற்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்ன கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலை. இரண்டு வருடம் முன்பு செகண்ட் ஹேண்டில் ஒரு கேனான் டிஎஸ்எல்ஆரும் 50 எம்எம் லென்ஸும் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பனின் டெலி லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு கொரட்டூர் ஏரிக்கரைக்குப் போவேன். இந்தப் பக்கம் கேமரா வைத்திருக்கும் நிறையப் பேருக்கு ஆரம்பப் பாடம் பறவைகள்தான்.

எனக்கு மீட்டரிங் சொல்லிக்கொடுத்தவையும் பறவைகள்தான். வெள்ளைக் கொக்கை ஃபிரேம் முழுக்க வைத்து எடுத்தால் அழுக்குச் சாம்பலாக வந்தது. நீர்க்காகத்தை அதேபோல் எடுத்தால் அதுவும் வெளிறிச் சாம்பலானது. ஏன் என்று தேடிப் படித்தபோது விஷயம் என் வேலையோடு ஒட்டியிருந்தது. கம்பெனியில் மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்ததும் முதலில் பூஜ்யம் சரியாக நிற்கிறதா என்று பார்ப்போம். கேமராவின் மீட்டருக்கும் ஒரு பூஜ்யம் உண்டு. விழும் வெளிச்சத்தில் சுமார் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் நடுத்தரச் சாம்பல் நிறம் அது. எதைக் காட்டினாலும் அதை அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். எதிரே இருப்பது கொக்கா காகமா என்பது அதற்குத் தெரியாது. அதனால் வெள்ளைக்கு நாம் வெளிச்சத்தைக் கூட்டவேண்டும், கறுப்புக்குக் குறைக்கவேண்டும்.

இது புரிந்த அன்று ஆல்பத்தில் இருந்த இரண்டு அப்பாக்களும் புரிந்தார்கள். கறுத்த முகமும் வெள்ளைச் சட்டையும் ஒரே படத்தில் வந்தால், மீட்டர் சட்டையைப் பார்த்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. முகம் இருட்டில் போகிறது. முகத்தை மட்டும் அளக்கச் சொன்னால் அதைச் சாம்பலுக்குத் தூக்கிவிடுகிறது. முகம் வெளிறிப்போகிறது. மிச்சத்தை ஸ்டுடியோ கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். "கொஞ்சம் கலர் ஏத்திடலாமா?" என்ற கேள்வியைக் கேட்காமல் இந்த ஊரில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்தவர் உண்டா?

கேமராவின் பூஜ்யம் இப்படி என்றால், கலர் பிரிண்டின் பூஜ்யத்தில் ஒரு முகமே இருந்தது. 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு மாதிரி அட்டை அனுப்பியது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதற்கு நின்ற மாடலின் பெயரால் அதை 'ஷர்லி அட்டை' என்றார்கள். ஷர்லியின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இதைப் பற்றி 2009இல் விரிவாக எழுதினார். கறுப்பு நிறங்களின் நுணுக்கம் ஃபிலிமில் பதியவில்லை என்று கோடாக்கிடம் முதலில் அழுத்திக் கேட்டவர்கள் சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் செய்பவர்களும்தானாம். டார்க் சாக்லேட்டுக்கும் மில்க் சாக்லேட்டுக்கும் படத்தில் வித்தியாசம் தெரியவில்லை என்பது அவர்கள் புகார். மனித முகத்துக்குக் கிடைக்காத அக்கறை மேஜைக்குக் கிடைத்தது. எல்லா நிறத் தோலும் சரியாக விழவேண்டும் என்பதையே ஒரு அம்சமாகச் சொல்லி கூகுள் தன் பிக்ஸல் போனை விற்றது 2021இல்.

அந்தச் சமயத்தில்தான் மு. பழனிகுமாரின் படங்களைப் பார்த்தேன். துப்புரவுத் தொழிலாளர்களை வருடக்கணக்காகப் படமெடுத்தவர். 2022இல் தயானிதா சிங்-பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலில் பெற்றவர். மதுரையில் மீன் விற்கும் தன் அம்மாவைப் பற்றியும் 'பாரி' இணையதளத்தில் படங்களோடு எழுதியிருக்கிறார். வீட்டு ஆளைப் படமெடுப்பது இவ்வளவு பெரிய வேலையா என்று அன்றைக்குத்தான் தோன்றியது. கொக்கையும் நீர்க்காகத்தையும் விட்டுவிட்டு அப்பாவிடம் வந்தேன்.

அப்பா டர்னர். எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் 31 வருடம். வருடக் கடைசியில் அவருடைய லேத்தை எடுத்துவிட்டு சிஎன்சி போடப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் அவருக்கு அங்கே வேலை இருக்குமா தெரியாது. லேத் முன்னால் அவர் நிற்கும் படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை.

பழைய போட்டோகிராபர்களிடம் ஒரு வழி உண்டு. முகங்களின் நிறம் எவ்வளவு மாறினாலும் உள்ளங்கையின் நிறம் ஆளுக்கு ஆள் அவ்வளவாக மாறுவதில்லை. படமெடுக்கப்போகும் வெளிச்சத்திலேயே உள்ளங்கையை நீட்டி, ஸ்பாட் மீட்டரில் அதை அளந்து, அதிலிருந்து ஒரு ஸ்டாப் கூட்டிக்கொண்டால் போதும். யாருடைய முகமும் அதனதன் நிறத்தில் விழும். அப்பாவின் உள்ளங்கை மட்டும் இந்தக் கணக்குக்கு ஒத்துவராது. ஆயிலும் இரும்புத்தூளும் ஏறி 31 வருடமாகக் காய்த்துப்போன கை. அதனால் என் கையை நீட்டி அளந்தேன்.

கறுத்த தோலைக் காட்டுவது அதன் மேல் விழும் பளபளப்புதான். நேராக ஃபிளாஷ் அடித்தால் நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், அவ்வளவுதான். பக்கத்திலிருந்து அகலமான, மெத்தென்ற வெளிச்சம் வந்தால் கன்னத்து எலும்பு, மூக்கின் ஓரம், கழுத்து நரம்பு எல்லாம் எழுந்து வரும். பட்டறை ஷட்டரைப் பாதி ஏற்றி, டியூப்லைட்டை அணைத்தேன். லென்ஸ் 2.8, வேகம் 125இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 800.

"எங்க பாக்கணும்?"

"நீ வேலையப் பாருப்பா."

அது அவருக்கு வசதியாகப் போயிற்று. சக்கில் ஜாப்பை மாட்டிக் குனிந்தார். கொஞ்ச நேரத்தில் நான் இருப்பதையே மறந்துவிட்டார்.

பிரிண்ட் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள். "இதாண்டா உங்கப்பா" என்றாள். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு முதலில் லேத்தைப் பார்த்தார், அப்புறம் கையைப் பார்த்தார். முகத்துக்குக் கடைசியில்தான் வந்தார். கறுப்பாக இருந்தது, அவர் எவ்வளவு கறுப்போ அவ்வளவு.

"வேர்வ கூட வுழுந்திருக்கு" என்றார்.

அடுத்த பாடம் இதைவிடக் கஷ்டம். அம்மா மாநிறம். ஒரே படத்தில் இரண்டு பேரும் அவரவர் நிறத்தில் விழவேண்டும். அப்பாவை ஜன்னல் பக்கமும் அம்மாவை ஓரடி உள்ளேயும் உட்காரவைத்தால் வரும் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு அப்புறம் இருவரும் சேர்ந்து படத்துக்கு உட்கார்ந்ததே இல்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கிழம பாக்கலாம்" என்றார். அம்மா எந்தப் புடவை என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.