பழைய காரும் நம் பொறுப்பும்



1990களின் பொருளாதாரத் தடையில், யாழ்ப்பாணத்தின் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்கள் சிறிதளவு பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. வேறு வழியற்ற அந்நாளில் அவற்றைப் பேணியதே அறமாயிற்று.

இங்கு நொய்கெல்னில் நிலைமை வேறு. 2009இல், 9 ஆண்டு கடந்த காரை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்கியோருக்கு ஜெர்மன் அரசு 2500 யூரோ வழங்கியது. நன்கு ஓடக்கூடிய கார்களும் நசுக்கப்பட்டன. அயலவர்முன் கௌரவத்துக்காகக் கடன்பட்டுக் கார் மாற்றாதீர்கள். ஊருக்குப் பணம் அனுப்புவதற்காகப் பழைய காரைத் திருத்தி ஓட்டும் உங்கள் சிக்கனம் வெட்கத்துக்குரியதன்று. ஆயினும் அடிச்சட்டம் துருவேறி, பிரேக் தளர்ந்து, திருத்தவும் இயலாத காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள். காரின் வயதையன்றி, அதில் ஏறுவோரையும் வீதியில் எதிர்ப்படுவோரையும் எண்ணி முடிவெடுங்கள்.